சடைச்சியின் கொண்டையில் ஒளிந்த தீச்செடி

முன்னொரு காலத்திலே, மேகமெல்லாம் கீழே கிடக்க, மனுஷர் அதற்கு மேலே குடியிருந்த ஒரு மலைநாடு இருந்தது. அங்கே கணவாய்ப் பாறைமேல் வெண்பல்லன் என்று ஒரு மந்திரவாதி. குளிர்காலம் வந்தால் வாயைக் குவித்து ஊதுவான். ஊதின இடமெல்லாம் உறைபனி. புல் வெளுக்கும், குட்டை கண்ணாடியாகும், பிஞ்சு கருகும்.

அந்த நாட்டில் காரி என்று ஓர் ஆட்டுக்காரன். அவன் பெண்டாட்டி சடைச்சி. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும் கூந்தல் அவளுக்கு. அதனால்தான் அந்தப் பேர். ஒரு குளிர்காலத்தில் காரி, வழிதவறின குட்டிகளைத் தேடிக் கணவாய்க்குப் போனான். "ஏனய்யா, பச்சைக் குட்டிங்க நடுங்குது. கொஞ்சம் ஊதாம இருக்கக் கூடாதா?" என்று கேட்டான். கேட்டது அவ்வளவுதான். வெண்பல்லன் அவன் முகத்தில் ஊதினான். காரி நின்ற நிலையிலேயே வெள்ளைக் கல்லாகிப் போனான்.

சடைச்சி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "இது என்ன நியாயம்? குட்டிக்காக வாய் திறந்தவனைக் கல்லாக்குவியா நீ?"

வெண்பல்லன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நியாயம் வேணுமா? அடுத்த குளிர்ல, நான் ஊதுற விடியக்காலையில, மண்ணோட வேரோட பூத்து நிக்கிற சிவப்புப் பூ ஒண்ணைக் கொண்டா. இவன் நெஞ்சுல தொடு. இந்தக் கல்லும் கரையும், நானும் கரையுறேன். அந்தக் குளிர் தாண்டினா இவன் எப்பவும் கல்லுதான், போ."

உறைபனியில் சிவப்புப் பூ எங்கே பூக்கும்? அந்தத் தைரியத்தில்தான் அப்படிச் சிரித்தான்.

சடைச்சி வீட்டு வாசலில் ஒரு விரிசல் தொட்டி. அதில் ஒரு செடி. இந்தக் காலத்தில் ஊட்டிப் பக்கம் ஜெரேனியம் என்று ஜன்னலோரம் வைக்கிறார்களே, அதுதான். வட்ட இலை, இலைக்குள் வளையல் போட்டதுபோல ஒரு கருவட்டம், தலையில் கொத்தாகச் சிவப்பு. அந்த நாட்டில் அதற்குத் தீச்செடி என்று பேர். வீட்டுக்கு வீடு இருந்தது. சடைச்சி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழ அழ, செடி வாயைத் திறந்தது.

"அழுதது போதும் தாயி. நான் பூக்கிறேன். ஆனா உறைபனி தொட்டா செத்தேன். பகல்ல வெயில் காட்டு. குளிர் வந்தா அடுப்பங்கரையில வை. தாகம்னு நான் கேட்காம தண்ணி ஊத்தாதே."

சடைச்சி அப்படியே செய்தாள். வாடின கொத்தைக் கிள்ளினாள், நெடுநெடுவென்று போன நுனியைக் கிள்ளினாள். செடி புதராகத் தழைத்தது.

அப்போதுதான் அந்த நாட்டு ராஜா மகுடவர்மன் கண்ணில் அது பட்டது. பார்த்து ரசித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? "இவ்வளவு அழகு குடிசை வாசலில் ஏன்? தீச்செடி இனி அரண்மனைக்கு மட்டும்!" என்று முரசு அறைந்துவிட்டான். சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்து தொட்டிகளைத் தூக்கினார்கள். கேட்டீர்களா கொடுமையை? பாலூட்டுகிறவள் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கினார்கள்.

சடைச்சி விடவில்லை. மலையேறி அரண்மனைக்கே போனாள். அங்கே போய்ப் பார்த்தால் வயிறு எரிந்தது. திறந்த மேல்மாடத்தில், வானம் பார்க்க, அத்தனை செடியும் பொன் தொட்டியில்! காலையில் ஒரு குடம், மதியம் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர். தொட்டியில் ஓட்டை கிடையாது. பொன்னில் ஓட்டை போட எவனுக்கு மனசு வரும்?

"தண்ணி, தண்ணி, தண்ணி! நான் என்ன தவளையா?" என்று அவள் செடி கத்திக்கொண்டிருந்தது. சடைச்சியைத் தவிர யார் காதிலும் அது விழவில்லை.

"மகாராஜா, இது என்ன நியாயம்?" என்றாள் சடைச்சி. "என் புருஷன் உசிரு இந்தச் செடியில இருக்கு. தராட்டிப் போங்க, தொட்டிக்கு அடியில ஓட்டையாவது போடுங்க. குளிருக்கு உள்ளே எடுத்து வைங்க."

"பொன் தொட்டியில் ஓட்டையா!" ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உள்ளே வைத்தால் ஊர் எப்படிப் பார்க்கும்? அடியே, உன் புருஷன் கல். கல்லுக்கு எதற்குப் பூ? சேனாபதி, இவளை வெளியே தள்ளு!"

சேனாபதி தள்ளினான். "ஒடிச்சுக்கோ தாயி, ஒடிச்சுக்கோ!" என்றது செடி. விழுந்த சாக்கில் சடைச்சி மூன்று தண்டு ஒடித்தாள், இலையை உருவினாள், கொண்டைக்குள் சொருகினாள். வாசலில் கையைப் பார்த்தார்கள், மடியைப் பார்த்தார்கள், கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கொண்டையை யார் பார்த்தார்கள்?

ஒரு பகல் முழுக்க வெயிலில் நடந்து வீடு வந்து கொண்டையை அவிழ்த்தாள். தண்டெல்லாம் சுருங்கி, ஒடித்த வாய் காய்ந்து கிடந்தது. ஓவென்று அழுதாள்.

"ஏன் அழறே?" என்றது ஒரு தண்டு. "ஒடிச்ச புண்ணு காஞ்சு ஆறினாத்தான் எனக்கு வேர் வரும். ஈரத்தோட நட்டிருந்தா அழுகியிருப்பேன். உன் கொண்டைதான் எனக்கு வைத்தியம்."

மணல் கலந்த மண்ணில், மூன்று உடைந்த சட்டியில் மூன்றையும் நட்டாள். முதல் தண்டுக்குப் பாசம் தாங்காமல் தண்ணீரை ஊற்றினாள், அது அழுகிற்று. இரண்டாவதைக் காரியின் கிடாவே தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி நின்றது. மூன்றாவதை அடுப்பங்கரை ஜன்னலில் வைத்துக் கண்போலக் காத்தாள். அது வேர்விட்டது, இலைவிட்டது, குளிர் தொடங்கும்போது ஒரு மொட்டும் விட்டது.

வெண்பல்லன் ஊதினான். விடிந்து பார்த்தால் மேல்மாடத்துச் செடியெல்லாம் கருகி, வெந்த கீரைபோலத் தொங்கின. "என் செடியையா தொட்டாய்?" என்று கணவாயைப் பார்த்துக் கைநீட்டிக் கத்தின மகுடவர்மனும் அந்தக் கைநீட்டின வாக்கிலேயே வெள்ளைக் கல்லானான்.

அதே விடியலில் சடைச்சியின் மொட்டு விரிந்தது. சட்டியைக் கம்பளிக்குள் வயிற்றோடு அணைத்தாள், ஒரு கையில் தணல் சட்டி, கணவாய்க்கு ஏறினாள்.

வெண்பல்லன் அவளைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஒரு ஊது ஊதினான், தணல் அணைந்தது. இன்னொரு ஊது; கம்பளி பலகைபோல விறைத்தது. மூன்றாவது ஊதுக்கு நெஞ்சை நிரப்பினான். சடைச்சி மண்டியிட்டுக் குனிந்தாள், கொண்டையை அவிழ்த்தாள். கூந்தல் சட்டியைச் சுற்றித் திரைபோல விழுந்தது. அவன் ஊதின பனியெல்லாம் கூந்தலில் படிந்தது. கூந்தல் வெளுத்தது. உள்ளே பூ சிவப்பாகவே இருந்தது.

தவழ்ந்து போய்ப் பூவைக் காரியின் நெஞ்சில் தொட்டாள்.

கல் கரைந்தது. வெண்பல்லனும் கரைந்து, பல்லெல்லாம் கூழாங்கல்லாக, ஓடையாய் ஓடிப்போனான். காரி கண்ணைத் திறந்தான். "குட்டிங்க எங்கே?" என்றான்.

"ஒரு வருஷமா உனக்காக நான் சாகுறேன், உனக்குக் குட்டிதானா முக்கியம்? இது என்னய்யா நியாயம்?" என்று அவன் தோளில் அடித்து அடித்து அழுதாள் சடைச்சி.

அங்கே அரண்மனையில் கல்லாய் நின்ற ராஜாவும் கரைந்து மறுபடி மனுஷனானான். மூக்கு ஒழுக, தும்மிக்கொண்டே சேனையோடு வந்தான். "அந்தச் செடி அரண்மனைச் சொத்து! பிடுங்குங்கள்!" என்றான். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள்!

சேவகர் ஒருவரும் அசையவில்லை. அவரவர் வீட்டுச் செடியும் போனதுதானே?

"எல்லாத்தையும் ஒரே மாடத்துல அடுக்கினீங்க, ஒரே காலையில எல்லாம் போச்சு," என்றாள் சடைச்சி. "இனி இது வீட்டுக்கு வீடு இருக்கும். யாருக்கு வேணும்?"

தண்டைக் குடுமியில் சொருகிக்கொள்ள முதலில் தலையை நீட்டினவன் சேனாபதி. செடி வளர வளர, அந்தக் கோடையில் ஊர் முழுக்க வீட்டுக்கு ஒரு தண்டாவது போய்ச் சேர்ந்தது. கடைசியில் மகுடவர்மன் மெல்லக் கேட்டான். "எனக்கு?"

"தர்றேன். மண்தொட்டி, அடியில ஓட்டை, குளிருக்கு உள்ளே. சம்மதமா?"

"சம்மதம்."

"அப்போ ஒரு பகல் இதைக் காய வைக்கணும். உங்களுக்குக் கொண்டை இல்லையே மகாராஜா, மகுடத்துல சொருகிக்கோங்க."

சொருகிக்கொண்டு நின்றானே ராஜா, பொழுது சாயும்வரை வெயிலில், வாடின குச்சியோடு! ஊரே வந்து பார்த்தது. காரியும் சடைச்சியும் அடுப்பங்கரையில் சேர்ந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த நாட்டில் தீச்செடி இல்லாத வீடும் இல்லை, கல்லாகிப் போன மனுஷரும் இல்லை.