பானைக்குள் நடந்த கீரைத் திருட்டு

சாலிக்குளத்தில் சடையாண்டி, மாயழகு, கழுவன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதுவும் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மூத்தவன் சடையாண்டிக்கு முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பரிசம் போட்ட அன்று தாம்பூலத் தட்டை வாங்கும்போதே தலைசுற்றி, தட்டோடு பெண்ணின் அப்பா மடியில் விழுந்தான்.

அவர் வேட்டியை உதறிக்கொண்டே, "தை பிறக்கிறதுக்குள்ள ஒழுங்கா நிக்கப் பழகிக்கோ. இல்லேன்னா வேற மாப்பிள்ளை பாத்துக்கிடுறேன்" என்றார். சடையாண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வைத்தியர் நாடி பார்த்தார். "உடம்புல ரத்தம் இல்லப்பா. தினம் ஒரு கட்டுக் கீரை வயித்துக்குள்ள போகணும். ஒரு இலை குறையக் கூடாது" என்றார்.

வைத்தியர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? மறுநாளே முளைக்கீரைக் கட்டைப் பிரித்து இலைகளை எண்ணினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு. கழுவி, பானை நிறையத் திணித்து அடுப்பில் வைத்தார்கள். வெந்ததும் பார்த்தால் அடியில் ஒரு பிடி கிடந்தது.

"அண்ணே, திருட்டுப் போயிருச்சு!" என்று மாயழகு அலறினான்.

அடுத்த நாள் கழுவன் கம்போடு அடுப்படியில் காவல் நின்றான். மூடியின் மேல் அம்மிக்குழவியையும் தூக்கி வைத்தார்கள். திறந்தால் அதே ஒரு பிடி. ஒருவர் வாயை ஒருவர் பிளந்து பார்த்தார்கள். பல்லிடுக்கில் பச்சையே இல்லை. சடையாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மாயழகு பக்கத்து அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, அரிசி எவ்வளவு போட்டோம்?"

"கால் பானை."

"இப்ப பாருங்க, முழுப் பானை சோறு! இங்க முக்கால் பானை குறையுது, அங்க முக்கால் பானை கூடுது. இன்னுமா புரியல?"

"அப்ப சோறு பச்சையா இருக்கணுமேடா?"

"திருடினவன் திருடின சட்டையைப் போட்டுக்கிட்டா ஊர்ல திரிவான்? நிறத்தை மாத்திருச்சு, அண்ணே."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சது நம்ம தப்புதான்" என்று கழுவன் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான்.

சடையாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அன்று முதல் கீரைப் பானையில் மிஞ்சியதைச் சக்கை என்று கொட்டிலில் கட்டியிருந்த எருமைக்குப் போட்டுவிட்டு, மூன்று வேளையும் வெறும் சோறாகத் தின்று தீர்த்தான்.

தை மாதம் பிறந்தது. பெண்ணின் அப்பாவும் வந்து சேர்ந்தார்.

"வைத்தியர் கீரை தின்னச் சொன்னாராமே, சாப்பிட்டியா?"

"ஒரு இலை விடல மாமா!" என்று பூரிப்போடு எழுந்து கும்பிட்ட சடையாண்டி, அப்படியே சுழன்று மறுபடியும் அவர் மடியில் விழுந்தான்.

அவர் வாய் திறப்பதற்குள் கழுவன் கொட்டிலைக் காட்டினான். அங்கே எருமை மினுமினுவென்று, தூண் போல நின்றிருந்தது.

"அவசரப்படாதீங்க மாமா. சக்கையைத் தின்ன எருமையே இப்படி அசையாம நிக்குது. சத்தையெல்லாம் தின்ன அண்ணன் எப்படி நிப்பார்னு, எழுந்ததும் பாருங்க!"