இலுப்பை மரத்துச் சண்டை

குளத்தங்கரை இலுப்பை மரப் பொந்தில் மஞ்சுளி என்ற மைனா குடியிருந்தது. அதற்கு மூன்று குஞ்சுகள். பொந்துக்கு நேர் கீழே, கிளை பிரியும் இடத்தில் பஞ்சாயி என்ற அணிலின் கூடு. அதில் இன்னும் கண் திறக்காத இரண்டு குட்டிகள்.

விடிந்தால் மஞ்சுளி வீட்டில் தங்காது. மேய்கிற மாடுகளின் பின்னாலேயே ஓடி வெட்டுக்கிளி பிடிக்கும். கொண்டுவந்து ஊட்டும். உடனே மறுபடி பறக்கும். பொந்தில் எச்சமும் உதிர்ந்த இறகும் அப்படியே குவிந்து கிடந்தன. அதன் வீட்டுக்காரரும் நன்றாக இரை தேடுவார். ஆனால் வீட்டைக் கூட்டுவது தன் வேலை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பஞ்சாயியோ கூட்டை விட்டு நகராது. நாரை மெல்லும், பஞ்சைத் திணிக்கும், கலைத்துவிட்டு மறுபடி திணிக்கும்.

மஞ்சுளியின் குஞ்சுகள் மேல் ஒரு வால்காக்கைக்குக் கண். கிட்டே போனாலே பஞ்சாயி கத்தி ஊரைக் கூட்டிவிடும். 'இந்த அணிலை மரத்திலிருந்து இறக்க வேண்டும்!' என்று அது திட்டம் போட்டது.

முதலில் எட்டத்துக் கிளையில் உட்கார்ந்து அணிலைக் கூப்பிட்டது.

"பஞ்சாயி, மைனா உன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்! வேலைவெட்டி இல்லாமல் பஞ்சை உருட்டிக்கொண்டு கிடக்கிறாயாம்!"

பிறகு மாடுகள் மேயும் இடத்துக்குப் பறந்தது.

"மஞ்சுளி, அணில் என்ன சொல்கிறாள் தெரியுமா? பெற்றதுகளைப் போட்டுவிட்டு நீ ஊர் சுற்றுகிறாயாம்!"

மஞ்சுளிக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பின்னால் குஞ்சுகள் கத்துவது அதன் காதிலேயே நிற்கும். அதையே இன்னொருத்தி சொல்லிக் காட்டுவதா! வெட்டுக்கிளியைக் கவ்வியபடி பறந்து வந்து மரத்தடியில் இறங்கியது.

"கீழே இறங்கி வாடி!"

வாயைத் திறந்ததும் வெட்டுக்கிளி துள்ளித் தப்பிவிட்டது. அதில் கோபம் இன்னும் ஏறியது.

பஞ்சாயி வாலைச் சிலுப்பிக்கொண்டு இறங்கியது. "வரேன்! எனக்கென்ன பயமா?"

"நான் ஊர் சுற்றுகிறேனா? என் இறகு தேய்ந்திருக்கிறதே, பார்த்தாயா?"

"நான் சும்மா கிடக்கிறேனா? ஒரு நாள் என் கூட்டில் இருந்து பார்!"

அப்போது மேலே ஒரு குஞ்சு வீரிட்டது. வால்காக்கை அதைச் சிறகைப் பிடித்துப் பொந்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது!

"ஐயோ, என் பிள்ளை!" மஞ்சுளி பறந்துபோய் வால்காக்கையின் மண்டையில் கொத்தியது. பஞ்சாயி மரத்தில் பாய்ந்தேறி அதன் வாலைக் கடித்தது. வலி தாங்காமல் வால்காக்கை அலகைத் திறந்தது. குஞ்சு நழுவி, அணில் கூட்டில் பொத்தென்று விழுந்தது. வால்காக்கை பாதி வாலோடு குளத்தைத் தாண்டி ஓடிப்போயிற்று.

மஞ்சுளி பதறி எட்டிப் பார்த்தது. அணில் குட்டிகளுக்கு நடுவே குஞ்சு விழித்துக்கொண்டு கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மஞ்சுளி அந்தப் பஞ்சை மெல்ல மிதித்துப் பார்த்தது. கால் அமிழ்ந்தது.

"நீ சும்மா கிடப்பதாக நான் பேசினேன் என்று யார் சொன்னது?"

"வால்காக்கை. உனக்கு?"

"அவளேதான்!"

இரண்டும் வெட்கப்பட்டன.

"உன் பொந்து நாறுகிறது என்று மனசுக்குள் நினைத்ததுண்டு. வெளியே சொன்னதில்லை" என்றது பஞ்சாயி.

"நீ கொடுத்துவைத்தவள் என்று நான் பொறாமைப்பட்டதுண்டு."

"நானா? அத்திப்பழம் என் வாயில் பட்டு எத்தனை நாளாச்சு!"

"இப்பவே போய்ச் சாப்பிட்டு வா. குட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பஞ்சாயி இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு துள்ளி ஓடியது.

அந்நேரம் மஞ்சுளியின் வீட்டுக்காரர் வந்து கிளையில் அமர்ந்து இறகைக் கோதத் தொடங்கினார். "என்ன இங்கே ஒரே சத்தம்?"

"முதலில் பொந்தில் கிடக்கிற எச்சத்தை அள்ளிக் கொட்டுங்கள்!"

"நானா?"

"உங்களுக்கும் அலகு இருக்கிறதே!"

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முதல் வாய் அள்ளினார். பாதிப் பொந்து சுத்தமானதும் விசிலடிக்கத் தொடங்கிவிட்டார்.

வெளியே ஓடும் தாயும் வீட்டில் இருக்கும் தாயும் பாடுபடுவது பிள்ளைகளுக்காகத்தான். யார் உசத்தி என்று சண்டை பிடித்தால் இழப்பும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.