முதுகு வலி, மூன்றாவது முறை

“‘கண்ணுக்கு நேராத் தெரியுது, கை மட்டும் எழுதக் கூடாதா?’ இதானே கேக்குறீங்க? எழுதக் கூடாதுக்கா.”

இன்பரசி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். வசுமதிக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

வசுமதிக்கு ஐம்பத்தோரு வயது. இருபத்தாறு வருஷம் வார்டில் நர்ஸாக நின்று, இடுப்பு போனபிறகு அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் கோடிங் பிரிவுக்கு வந்தவள். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது வேலை. அதைக் கற்றுக் கொடுக்கும் இன்பரசிக்கு முப்பதுதான். எட்டு மாதமாகியும் வசுமதிக்கு அந்தப் புழுக்கம் அடங்கவில்லை.

“மேடம், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா? முதுகெலும்புல ரெண்டு எலும்பு அரிச்சுக் கெடக்கு. ரத்தத்துல கிருமி வளந்திருக்கு. எலும்புக்குள்ள சீழ் வச்சிருக்குன்னு முதல் வருஷ நர்ஸிங் பிள்ளை சொல்லும்.”

“டாக்டர் சொல்லலையே.”

“டாக்டர் ‘முதுகு வலி’ன்னு எழுதியிருக்காரு.”

“அப்ப நமக்கு அது முதுகு வலி.”

நோயாளி நல்லமுத்து, கொத்தனார். இது மூன்றாவது தடவை வந்து படுத்திருக்கிறார். ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற வேண்டும். அதற்குக் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து அனுமதி வர வேண்டும். அனுமதிக்கு நோயின் பெயர் வேண்டும். முதுகு வலிக்கு யாரும் ஆறு வாரம் மருந்து ஏற்றுவதில்லை. மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

நாலு மணிக்கு அனுப்பப் போகிறார்கள். கால் இரண்டும் ஏற்கெனவே மரத்துக்கொண்டு வருகிறது.

வசுமதி சும்மா இருக்கும் ஆளா? பெரிய டாக்டர் வில்வநாதனுக்குப் போன் போட்டாள். அவர் வெளியூர் மாநாட்டில் இருந்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள்.

“பெரியவர் எழுதினதை நான் எப்படி சிஸ்டர் மாத்துறது? எழுத்துல கேளுங்க. அவருக்குப் போகும்.”

எழுதத் தெரியாதவர்கள்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறார்கள்.

இன்பரசி ஒரு கேள்வித் தாளை நகர்த்தி வைத்தாள். டாக்டர் எழுதியது போதாதபோது கோடிங் பிரிவிலிருந்து அவருக்குப் போகிற தாள்.

வசுமதி எழுதினாள்: ‘இது எலும்புத் தொற்று. அப்படியே எழுதவும்.’

இன்பரசி வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

“டாக்டர் வாயில நாம ஊட்டக் கூடாதுக்கா.”

‘இது எலும்புத் தொற்றுதானே?’

அதையும் கிழித்தாள்.

“இதுவும் ஊட்டுறதுதான். ஸ்பூன் மட்டும் மாறியிருக்கு.”

“அங்க ஒரு மனுஷனுக்குக் கால் போகுது. நீங்க தாளைக் கிழிச்சு விளையாடுறீங்க!”

இன்பரசி எழுந்து போய் மூன்று கோப்புகளோடு வந்தாள். நல்லமுத்து மூன்று தடவை வந்ததற்கு மூன்று கோப்புகள்.

“காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சதுன்னு பாத்து எழுதுங்க. கண்ணால பாத்ததை மட்டும்.”

வசுமதி கடைசிக் கோப்பைத் திறந்தாள். முதுகு வலி.

நடுக் கோப்பு. அங்கேயும் முதுகு வலி. அதே வரிகள், ஒரு சொல் மாறவில்லை. பழைய தாளை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

“பாருங்க, பாருங்க! ஒருத்தனாவது அந்த ஆளைத் திருப்பிப் போட்டுப் பாத்தானா? மொதல் தடவையே ஒருத்தன் கேட்டிருந்தா...”

முதல் கோப்பைத் திறந்தாள். பத்து வாரத்துக்கு முந்தையது.

நர்ஸ் குறிப்பில் காய்ச்சல் நூற்றொன்று. மறுநாள் நூற்றிரண்டு. சர்க்கரை முந்நூறுக்கு மேல். வலது பாதத்தில் சீழ் வைத்த புண்.

டாக்டர் குறிப்பில் முதுகு வலி.

டாக்டருக்குக் கேள்வி அனுப்பப்பட்டதா என்ற கட்டத்தில், இல்லை.

எடுத்துக்கொண்ட நேரம் நான்கு நிமிடம்.

குறியீடு போட்டவர் கையெழுத்து, வ. வசுமதி.

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நோயாளியை ஞாபகமில்லை. நான்கு நிமிடம் ஞாபகம் இருந்தது. “அக்கா, உங்களுக்கு வேகம் வந்துருச்சு” என்று இன்பரசி எல்லார் எதிரிலும் கை தட்டியிருந்தாள். வீட்டில் போய்ச் சொல்லி வசுமதி பெருமைப்பட்டுக்கொண்டாள்.

கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

இன்பரசி விரலை அந்தக் கையெழுத்துக்குக் கீழே வைத்தாள். சரிபார்த்தவர், கி. இன்பரசி.

விரலை அவள் எடுக்கவில்லை.

வசுமதி மூன்றாவது தாளை எடுத்தாள். காய்ச்சல், புண், ரத்தத்தில் வளர்ந்த கிருமி, ஸ்கேனில் அரித்திருந்த இரண்டு எலும்புகள், தேதி வாரியாக. கடைசியில் ஒரே வரி: ‘இவை எதைக் காட்டுகின்றன என்று தெரிவிக்கவும்.’

இந்தத் தடவை இன்பரசி கிழிக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து அனுப்பினார்கள்.

மூன்று மணி. மூன்றரை. திரையில் ‘பதில் வரவில்லை’ என்றே இருந்தது.

மூன்றே முக்காலுக்கு வசுமதி மறுபடி போன் போட்டாள். மணி அடித்தது.

நாலு மணிக்கு ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். டிஸ்சார்ஜ் தாளில் முத்திரை போட வேண்டும் என்று மேலே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பின்னால் சக்கர நாற்காலியில் நல்லமுத்து. ஒரு செருப்பு கழன்று நடைபாதையிலேயே கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

இன்பரசி முத்திரையைக் கையில் எடுத்தாள். வைத்தாள்.

அந்தப் பெண் தாளை ஜன்னல் வழியே வசுமதியிடம் நீட்டினாள்.

“அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. இவருக்கு என்னன்னு எழுதியிருக்காங்க? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்.”