கரம்பைக்குடியின் நாற்பத்தொரு பெயர்

மாந்துறை நாட்டைச் சிங்கமாறன் என்றொரு அரசன் ஆண்ட காலம் அது. நல்ல மனுஷன்தான். ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒன்று கேட்டால் கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வரவேண்டும்.

பதிலெல்லாம் எங்கே இருந்தது? கோட்டைக்கு அடியில், முந்நூறு படி இறங்கினால் ஓலை அறை. எந்த ஊரில் எத்தனை குடி, எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர், எல்லாம் அங்கே ஓலையில் இருந்தது. ஆள் இறங்கித் தேடி எடுத்து மேலே வர இரண்டு நாழிகை ஆகும். அதற்குள் அரசன் நாலு பேரைத் திட்டித் தீர்த்துவிடுவான்.

ஓலை தூக்கும் ஆட்களில் இருளப்பன் என்று ஒருவன். ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததில் அவனுக்கு ஒன்று புலப்பட்டது. அரசன் ஆயிரம் ஓலையையும் கேட்பதில்லை, ஐம்பது அறுபதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அந்த அறுபதையும் மனசில் ஏற்றிக்கொண்டு, சபையிலேயே நின்று பதில் சொல்ல ஆரம்பித்தான். புதிதாக ஒன்று வந்தால், ரொம்ப நாளாக யாரும் கேட்காத ஒன்றை மறந்துவிடுவான். கேட்டால் கீழேயிருந்து எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதானே.

“ஓலை மாறினால் என்ன செய்வாய்?” என்று கேட்டான் அரசன்.

“அதற்கு ஒரு மணி வேண்டும் மகாராஜா. கீழே புது ஓலை வந்ததும் மணியடித்து, எந்த ஓலை மாறியது என்று மட்டும் கூவட்டும். பழையதை நான் அப்போதே விட்டுவிடுவேன். அடுத்த தடவை கேட்கும்போது புதிதைக் கொண்டுவரச் செய்து படித்துக்கொள்வேன்.”

அரசனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓலை அறைக்குத் தலைவராக இருந்த வல்லவரையருக்கு வயிறு எரிந்தது. நேற்றுவரை தன் கீழே ஓலை தூக்கினவன் இன்று அரசனுக்குப் பக்கத்தில் நிற்கிறானே! சபையில் ஒரு தடவை தப்பாகச் சொல்லட்டும் என்று, மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டு, கூவாமலும் இருக்கும்படி மணி அடிக்கிறவனிடம் சொன்னார். அவர் நினைத்தது என்னவோ ஒரு சின்னத் தப்பைத்தான்.

ஐப்பசியில் மழை விடாமல் கொட்டிப் பெரிய ஏரி நிரம்பிக் கரை கசிந்தது. தெற்கு மதகைத் திறந்தால் விளைந்த வயலெல்லாம் போகும். வடக்கு மதகைத் திறந்தால் கரம்பைக்குடி மூழ்கும்.

“கரம்பைக்குடியில் ஆள் இருக்கிறதா?”

“இல்லை மகாராஜா. பஞ்சத்தில் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.” அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட இருளப்பனின் மகள் பூவாயியும் அப்போதே போனவள்தான்.

அரசன் வடக்கு மதகைத் திறக்கச் சொன்னான்.

மழை வந்ததென்று நாற்பத்தொரு பேர் ஊர் திரும்பி, பன்னிரண்டு நாளாகியிருந்தது. அந்தச் செய்தி ஓலையாக வந்து கீழே கிடந்தது. நாற்பத்தொரு பேரையும் வெள்ளம் கொண்டுபோயிற்று, பூவாயியையும் சேர்த்து.

“உன் வாயால் செத்தார்கள்” என்று அரசன் கத்தினான். “உன்னைக் கழுவில் ஏற்றுகிறேன்.”

“ஏற்றுங்கள் மகாராஜா. எனக்கும் இருக்கப் பிடிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒன்று. யார் யார் எந்தப் பதவி என்று ஒரு ஓலை இருக்கிறதே, அதில் எதையாவது மாற்றி, உங்கள் கையால் எழுதி முத்திரை போட்டுக் கீழே அனுப்புங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். நாளைக்கு என்னைக் கேளுங்கள்.”

மறுநாள் சபை நிறைந்திருந்தது.

“ஓலை அறைக்குத் தலைவர் யார்?”

“வல்லவரையர்” என்றான் இருளப்பன்.

“தப்பு. நேற்று நான் புது ஓலை எழுதினேன்.”

தன்னைப் பற்றியா என்றுகூட யோசிக்காமல் வல்லவரையர் துள்ளி எழுந்தார். “நான் அன்றைக்கே நினைத்தேன் அரசே! ஓலையில் இருப்பதுதான் உண்மை. இவன் வாயில் வருவது பழங்கதை.”

“அப்படியானால் நீரே படியும்.”

ஓலை வந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார். “இன்றுமுதல் வல்லவரையர் ஓலை அறைக்குத் தலைவர் அல்ல.”

இருளப்பன் சபையைப் பார்த்துக் கேட்டான். “நேற்று இந்த ஓலை இறங்கியபோது மணிச்சத்தம் கேட்டவர் யாராவது உண்டா?”

மணி அடிக்கிறவன் அழுதுகொண்டே அந்தத் துணியைக் கொண்டுவந்து வைத்து, சுற்றச் சொன்னவரைக் காட்டினான்.

வல்லவரையர் அன்றுமுதல் முந்நூறு படி ஏறி இறங்கி ஓலை தூக்கினார். அரசன் இருளப்பனிடம், “என்ன வேண்டுமானாலும் கேள்” என்றான்.

“தப்பு என் மேலும் இருக்கிறது மகாராஜா. உயிர் விஷயம், ஒரு ஆளைக் கீழே அனுப்பியிருக்கலாம். இரண்டு நாழிகை நீங்கள் பொறுக்கமாட்டீர்கள் என்று பயந்தேன். எனக்குப் பொன் வேண்டாம். யாரும் கேட்காததை நான் மறந்துவிடுவேன், என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த நாற்பத்தொரு பெயரையும் தினமும் என்னிடம் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் மறக்காது.”

மறுநாள் காலையில் அரசன் முதல் கேள்வியாக அதைக் கேட்டான். இருளப்பன் நாற்பது பெயரைச் சொன்னான். அதற்குமேல் அவனுக்கு நாக்கு எழவில்லை. அரசன் திட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை, சிம்மாசனத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு பதிலுக்காக அவன் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாழிகை கழித்து, “பூவாயி” என்றான் இருளப்பன்.