சதகுப்பை வடையும் பதினாறு நாள் தீட்டும்

நாக்குக்கு அடிமைப்பட்ட ஒரு ராஜா முன்னொரு காலத்தில் இருந்தார். குதிரை விற்க வந்த அயல்தேசத்து வியாபாரி ஒருவன் அவருக்கு ஒரு கட்டுச் சிவரிக்கீரையைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனான். பட்டை பட்டையான தண்டு, விநோதமான வாசனை. ராஜாவுக்கு உடனே ஆசை வந்துவிட்டது.

"நாளை மதியப் பந்தியில் இதை வைத்து, நாம் இதுவரை அறியாத ருசியில் சமையல் வேண்டும். தித்திப்பு மட்டும் கூடாது!" என்று உத்தரவு போட்டார்.

அரண்மனை விகடன் திருமலைக்கொழுந்து சும்மா இருந்திருக்கலாம். அவன் வாய் சும்மா இருக்குமா? "மடைப்பள்ளியில் ஆவுடையம்மாள் இருக்கும்போது என்ன கவலை, பிரபு!" என்று சொல்லிவைத்தான்.

ஆவுடையம்மாள் லேசுப்பட்டவளா? சிவரித் தண்டைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்புக் கூட்டு வைத்தாள். சோம்பும் தேங்காயும் அரைத்துவிட்டுக் குழம்பு கொதிக்கவைத்தாள். கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்து, சதகுப்பைக் கீரையைக் கிள்ளிப் போட்டு வடை சுட்டாள். ராஜா மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டரும் நாலு வடையை உள்ளே தள்ளினார்.

அந்த நஞ்சுண்டருக்குத் தம் மைத்துனனை மடைப்பள்ளியில் அமர்த்த வேண்டுமென்று நெடுநாள் ஆசை. விகடனைக் கண்டாலும் ஆகாது. கை கழுவி எல்லோரும் சபைக்கு வந்ததும் எழுந்து நின்றார்.

"பிரபு, பெரிய அபசாரம் நடந்துவிட்டது! சதகுப்பையும் சோம்பும் பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பில் கொடுக்கிற மருந்து. அதைத் தங்கள் இலையில் போட்டுத் தங்களைப் பிள்ளை பெற்றவளாக்கிவிட்டாள் அந்தச் சமையற்காரி!"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. ராஜாவின் முகம் சிவந்தது. செங்கோலை இறுகப் பிடித்தார். "பொழுது சாய்வதற்குள் அவளுடைய வலது கையை வெட்டுங்கள்!"

ஆவுடையம்மாளை இழுத்துவந்து நிறுத்தினார்கள். "கொழுந்தண்ணே, எனக்குச் சோறு போடுறதே இந்தக் கைதானே!" என்று அவள் கதறியபோது கொழுந்து தன்னையே நொந்துகொண்டான். பாவி, நான்தானே இவளை மாட்டிவிட்டேன்! கெஞ்சினால் ராஜா மிஞ்சுவார். அது அவனுக்குத் தெரியும். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. விடுவிடுவென்று வெளியே போனான்.

திரும்பி வந்தவன் கையில் ஒரு கட்டு வேப்பிலை. யாரையும் பார்க்காமல், சபையின் வாசல் நிலையில் கொத்துக் கொத்தாகச் செருகத் தொடங்கினான். பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் செருகுவார்களே, அதேபோல! ராஜாவின் கை வாளுக்குப் போனது.

"என்னடா செய்கிறாய்?"

கொழுந்து கும்பிட்டபடி சொன்னான்: "மருத்துவச்சிக்கும் ஆள் அனுப்பிவிட்டேன், பிரபு. வைத்தியர் வாக்கு பொய்க்குமா? அந்த வடையைத் தின்றால் பிள்ளை பெற்றவராகிவிடலாம் என்றால், தங்களுக்கு இன்றிலிருந்து பதினாறு நாள் தீட்டு. தீட்டோடு செங்கோலைத் தொட்டுச் சொன்ன தீர்ப்பு செல்லாது என்பது தங்கள் பாட்டனார் வகுத்த முறை. தாங்கள் அந்தப்புரத்துக்கு எழுந்தருள வேண்டும்."

ராஜாவின் வாள் பாதி உருவப்பட்டிருந்தது. கொழுந்து மடமடவென்று சொல்லி முடித்தான்: "வைத்தியருக்கும் பேறுகால இருட்டறை தயாராகிறது. நாலு வடை தின்றவர். அவருக்கு இரட்டைப் பிள்ளையாகத்தான் இருக்கும். பதினாறு நாளும் பத்தியச் சோறுதான்!"

வாள் அப்படியே நின்றது. ராஜா மெல்லத் தலையைத் திருப்பினார்.

"வைத்தியரே, உண்மையைச் சொல்லும். நாம் பிள்ளை பெற்றிருக்கிறோமா?"

நஞ்சுண்டருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, இல்லை பிரபு!"

"நீர்?"

"நானும் இல்லை பிரபு!"

"அப்படியானால் நாம் தின்றது என்ன?"

"வெறும்... வடைதான், பிரபு."

ராஜாவுக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாளை உறையில் தள்ளி, இறங்கிவந்து, தம் பொற்கடகத்தைக் கழற்றி ஆவுடையம்மாளின் வலது கையில் தாமே போட்டுவிட்டார். விகடனுக்குத் தம் முத்துமாலையைப் போட்டார்.

"நாளைக்கு என்ன சமையல், ஆவுடை?" என்றார் ராஜா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எதுவா இருந்தாலும் செய்யுறேன் மகாராசா. ஆனா வைத்தியரையே முதல்ல தின்னச் சொல்லுங்க. அவருக்கு இடுப்பு வலி வராட்டித்தான் உங்க இலையிலே வைப்பேன்."