எல்லாருக்கும் தெரிந்திருந்தது

மடத்துச் சமையல்கட்டில் உமையாள் அம்மை சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது பூவராகன் வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து உள்வாசல் வரை வந்துவிட்டார். பிறகு நினைவு வந்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

கடலோரத்து முத்துக்கரை அனல்மின் நிலையத்துக்கு அவர்தான் எம்.டி. நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே சென்னையிலிருந்து அழைத்து வரப்பட்டவர். அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மடத்துக்கு வந்து, அம்மைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவார். நிலையத்தில் அவர் சொல்லாமல் யாரும் உட்காருவதில்லை. இங்கே அவரை உட்காரச் சொல்ல யாரும் இல்லை. அவராகவே உட்காருவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவர் உட்காரவும் இல்லை.

"யாருமே சொல்லலைம்மா," என்றார்.

"எதை?"

"திங்கக்கிழமை பாய்லர் குழாய் வெடிச்சுப்போச்சு. ஒருத்தர் மேல நீராவி அடிச்சிடுச்சு. ராயப்பன்னு பேர். உயிர் இருக்கு."

அம்மை கத்தியைக் கீழே வைத்தார்.

வருடத்துக்கு ஒரு முறை பாய்லரை நிறுத்தி, குழாய்களைப் பரிசோதித்து, தேய்ந்ததை மாற்றுவது வழக்கம். இந்த வருடம் அதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுத்தவர் பூவராகன். பாய்லரை நிறுத்தினால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் நிறுவனம் இல்லை. அவர் கணக்கு அப்படி. முடிவை மேலிருந்து திணித்ததாக யாரும் பேசிவிடக் கூடாது என்று ஊழியர்களைக் கூட்டி வேறு கேட்டார். அந்தக் கூட்டத்துக்கு 'மனம் திறந்த பேச்சு' என்று பெயர். பெயர் வைத்தவரும் அவர்தான்.

"ஒவ்வொருத்தரையா எழுப்பிக் கேட்டேன்மா. பேர் சொல்லிக் கேட்டேன். இந்த முடிவைப் பத்தி உங்க கருத்து என்னன்னு. 'நல்ல முடிவு சார்'னாங்க. அத்தனை பேரும். பின்வரிசையில கைகூடத் தட்டினாங்க."

"இப்ப?"

"வெளியிலேருந்து விசாரிக்க ஒருத்தர் வந்தார். அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. குழாய் தாங்காதுன்னு அப்பவே தெரியுமாம். ஃபோர்மேனுக்குத் தெரியும். ஸ்டோர்ல இருக்கிறவருக்குத் தெரியும். கேன்டீன்ல டீ ஊத்துறவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா! எனக்கு மட்டும் தெரியல."

அவர் குரல் உடைந்தது. கோபமா, அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை. இருபத்தைந்து வருடம் மனிதர்களை வைத்து வேலை வாங்கியவர். ஆட்களை எடை போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்தவர்.

"அதோட நிக்கலை. குழாய் விரிசல் விட்டா கன்ட்ரோல் ரூம்ல சிவப்பு விளக்கு எரியும். பஸ்ஸர் அலறும். அலறினா எல்லாரும் விலகியிருக்கலாம். ராயப்பனும் ஓடியிருப்பார். விளக்கு எரிஞ்சிருக்கு. பஸ்ஸர் அலறலை. கதிரேசன்னு ஒரு ஆப்பரேட்டர் அதோட ஒயரைக் கழட்டி வச்சிருக்கான்."

"ஏன் கழட்டினார்?"

"வாயைத் திறக்க மாட்டேங்கிறான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். நாளைக்குக் காலையில அவனை வேலையை விட்டு அனுப்பப்போறேன். அனுப்பிட்டுத்தான் பாய்லரை மறுபடியும் ஓட்டணும்."

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

பூவராகன் நறுக்கிய கிழங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அங்கதான் இருந்தேன். கன்ட்ரோல் ரூம்லதான். பார்வையிடப் போயிருந்தேன். ஷிப்ட் ஆளுங்க வரிசையா நின்னாங்க, என்னைப் பார்த்து. பேனல் அவங்க முதுகுக்குப் பின்னாடி."

"உங்களுக்கு?"

"எனக்கு எதிர்ல."

அம்மை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"சிவப்பு விளக்கு மின்னுச்சும்மா. நான் பார்த்தேன். ஆயிரம் விளக்கு மின்னுற இடம்தானேன்னு பேசிக்கிட்டே இருந்தேன். நிறுவனம் பிழைச்சிடும், கவலைப்படாதீங்கன்னு பேசிக்கிட்டிருந்தேன்."

அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார்.

"ஏம்மா என்கிட்ட யாருமே சொல்லலை?"

"ராயப்பனைப் பார்த்தீங்களா?"

"ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் கம்பெனிதான் பாக்குது. நல்ல டாக்டர்..."

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"இல்லை."

"போய்ப் பாருங்க. வலிக்குதான்னு கேளுங்க. விசாரணை, வேலை, வேறெதுவும் பேச வேண்டாம். வலிக்குதான்னு மட்டும். அவர் என்ன சொன்னார்னு வந்து சொல்லுங்க."

பூவராகனுக்குச் சுருக்கென்றது. நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு கேள்வியைத் தூக்கி வந்தால், நோயாளியை நலம் விசாரித்துவிட்டு வா என்கிறாரே. ஆனாலும் எழுந்தார். அம்மை சொன்னதைச் செய்யாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. மனிதக் குரல்தானா என்று சந்தேகம் வரும்படி ஒரு கதறல். நின்றது. மறுபடி எழுந்தது. பூவராகன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவரை அடையாளம் கண்ட நர்ஸ் ஒருத்தி முந்திக்கொண்டு ஓடினாள். "கம்பெனி எம்.டி. வந்திருக்காங்க!" என்று அவள் சொல்வது கேட்டது.

கதறல் நின்றது. பாதியில் அறுந்தாற்போல் நின்றது.

பூவராகன் உள்ளே போனார். கழுத்திலிருந்து இடுப்பு வரை கட்டுப் போட்ட மனிதர் ஒருவர் கட்டிலில் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மனைவி அவர் தோளைத் தொடவும் முடியாமல், விடவும் முடியாமல் தவித்தாள்.

"என்ன செய்றீங்க? படுங்க, படுங்க!"

"இல்ல சார். நீங்க நிக்கிறீங்க."

ராயப்பன் கையைக் கூப்பப் பார்த்தார். துணி சுற்றிய இரண்டு கைகளும் பாதி வரை வந்து நின்றன. "வணக்கம் சார்," என்றார்.

பூவராகன் கட்டிலருகே போனார்.

"வலிக்குதா?"

"இல்ல சார். வலி ஒண்ணும் இல்ல. நல்லாருக்கேன் சார்."

சிரித்தார் ராயப்பன். கடைக்கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை எட்டவில்லை. சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. வலிக்கலையா?"

"இல்ல சார். சீக்கிரம் டூட்டிக்கு வந்துருவேன் சார்."

பூவராகனால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தார். ராயப்பனின் மனைவி ஜெபமாலை பின்னாலேயே வந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அவிய வேணும்னு கத்தல. காலையில இருந்து தாங்க முடியாம கெடந்தாவ."

"தப்பா நினைக்கவா? நானா?"

"நர்ஸம்மா வந்து நீங்க வாறதச் சொன்னதும், 'ஐயோ, வெளிய கேட்டுருச்சா'ன்னுதான் என்ட்ட கேட்டாவ. ஒங்களுக்குச் சத்தம் ஆகாதுல்லா."

"எனக்குச் சத்தம் ஆகாதா? யார் சொன்னா?"

ஜெபமாலை விழித்தாள். ஊருக்கே தெரிந்த விஷயத்தை, சம்பந்தப்பட்டவரே கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

"அதுக்குத்தான சார் நீங்க வார அன்னைக்கெல்லாம் பஸ்ஸர் ஒயரக் கழட்டிப் போடுதாவ. கதிரேசன் தம்பி இல்லைன்னா வேற ஆளு. யாரு டூட்டியோ அவிய கழட்டணும். முன்ன ஒருக்க நீங்க பேசிட்டு நிக்கும்போது அது கத்திருச்சாம். 'மனுஷன் பேசுறப்ப என்னய்யா கூப்பாடு, அடக்குங்க'ன்னு ஏசுனீங்களாம். மறுவாரமே டூட்டில நின்ன ஆள பாய்லருக்கு அடியில சாம்பல் வேலைக்கு மாத்திட்டாவ. பெறவு யாரு சார் அதக் கத்த விடுவா?"

பூவராகன் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு நாள் அவர் நினைவில் இல்லவே இல்லை. மாற்றச் சொன்னதும் நினைவில் இல்லை. சொல்லியே இருக்கமாட்டார். அவர் முகம் சுளித்ததைப் பார்த்து யாரோ மாற்றியிருப்பார்கள். ஆனால் அந்த வாக்கியம் அவருடையதுதான். வீட்டில் பேரப்பிள்ளைகளிடமும் அதையேதான் சொல்வார்.

"யாரை மாத்தினாங்க?" என்றார்.

ஜெபமாலை அறைக் கதவைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு அவியளத்தான் சார்."

பூவராகனும் கதவைப் பார்த்தார். உள்ளேயிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை. அவர் இன்னும் வராந்தாவில் நிற்பது ராயப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படியிறங்கி, வெளிக்கதவைத் தாண்டி, காரில் ஏறப்போகும்போது மாடியிலிருந்து மறுபடி அந்தக் கதறல் கேட்டது.

மடத்துக்கு அவர் திரும்பி வந்தபோது பந்தி முடிந்து, அம்மை எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். பூவராகன் தூணருகே நின்றார்.

"என்ன சொன்னார்?"

"வலிக்கலையாம்."

அம்மை இலைகளைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்ம்மா. உடம்பு பூரா வெந்து கிடக்கு, எழுந்திரிச்சு நிக்கப் பார்க்கிறார். நான் தெருவுக்கு வந்தப்புறம்தான் கத்துறார்." நடந்ததை எல்லாம் சொன்னார். ஒயர் கழற்றும் வழக்கத்தைச் சொன்னார். சாம்பல் வேலைக்கு மாற்றப்பட்டது யார் என்பதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு முறை தொடங்கி நிறுத்தினார்.

"எனக்குப் பயமா இருக்கு. இத்தனை வருஷமா எனக்கு எதிர்ல நின்னவங்கள்ல யார் சிரிச்சாங்க, யார் பல்லைக் கடிச்சாங்கன்னே தெரியலை."

அம்மை ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

"கதிரேசனை அனுப்ப மாட்டேன். பாய்லரையும் இப்ப ஓட்டப்போறதில்லை. நாளைக்குக் காலையில முதல் வேலையா எல்லாரையும் கூட்டி, மனசுல இருக்கிறதைத் தைரியமா சொல்லுங்கன்னு கேக்கப்போறேன்."

"ஒவ்வொருத்தரையா எழுப்பியா?"

பூவராகன் தரையில் உட்கார்ந்தார். "அப்ப நான் என்னம்மா பண்ணணும்?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்க."

"போய் என்ன கேக்கட்டும்?"

"ஒண்ணும் கேக்காதீங்க. அவர் கட்டில் பக்கத்துல உட்காருங்க. உங்க முன்னாடி அவர் வாய்விட்டுக் கத்துற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."