கெளுத்தி மேல் விழுந்த பழி

முன்னொரு காலத்திலே, பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள், ஆறு போய்க் கடலில் சேருகிற இடத்திலே பவளத்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த நாட்டு ராஜாவின் மகன் நன்மாறன், மலையடிவாரத்துச் சின்னக் குடும்பம் ஒன்றிலிருந்து மாதுளை என்கிற பெண்ணை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தான்.

அரண்மனையில் அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அவள் உள்ளே வந்தால் மற்றவர்கள் பேச்சு நின்றுவிடும். அதுவே அவளுக்கு முள்ளாய்க் குத்தியது.

ஒரு நாள் சுழியாயி என்கிற மந்திரக்காரி அவளுக்குக் கல்யாணச் சீராக ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டுவந்தாள். தொட்டி நிறையக் கல்லும் பாசியும், அதற்குள்ளே விதவிதமான மீன்களும் இருந்தன.

“மகளே, இந்த மீன்கள் பேசும். உன் காதுக்கு மட்டும்தான் கேட்கும். கேட்டும் கேட்காதவள் போல இருந்தாயோ, தொட்டி உன்னையே உள்ளே இழுத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாதுளை தொட்டியைக் கொலுமண்டபத்தில் வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும், “மீன் எங்கே? கல்லுதானே தெரிகிறது!” என்றார்கள். உடனே அவள் கல்லை எடுத்தாள், பாசியைப் பிடுங்கினாள், தொட்டியைப் பளிச்சென்று துடைத்தாள். இப்போது எல்லாம் தெரிந்தது. எல்லாவற்றிலும் அழகாகத் தெரிந்தவன் செவ்வரியான். பவளச் சிவப்பு உடம்பு, அதில் பொன் வரிகள்.

“இப்படி ஒரு மீனைக் கண்டதே இல்லை அம்மா!” என்று மந்திரியின் மனைவி வாயைப் பிளந்தாள். அன்றிலிருந்து மாதுளையைத் தேடி நாலு பேர் வந்தார்கள். அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அப்புறம்தான் வினை வந்தது. ஒரு காலை, செவ்வரியான் பாய்ந்து வெள்ளிமீனின் வாலைக் கடித்துக் குதறியதை மாதுளை தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். மூலையில் கறுப்புக் கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு தன்பாட்டுக்குக் கிடந்தது.

பணிப்பெண் பூவாயி ஓடி வந்தாள். “ஐயோ அம்மா, இதை யார் கடித்தது?”

செவ்வரியானை வெளியே எடுத்துவிட்டால் யார் வருவார்கள் தன்னைப் பார்க்க? மாதுளை சொன்னாள்: “அந்தக் கெளுத்திதான்.”

“இளவரசி, நீங்கள் பார்த்தீர்களே?” என்றது கெளுத்தி. அவள் கேட்காதவள் போலத் திரும்பிக்கொண்டாள். அவள் விரலில் ஒரு செதில் முளைத்தது.

மறுபடி ஒரு மீனுக்கு வால் போயிற்று. “யார் கடித்தது?” என்று நன்மாறன் கேட்டான். “கெளுத்திதான்” என்றாள். “இளவரசி, நீங்கள் பார்த்தீர்களே?” என்றது கெளுத்தி. கழுத்தில் செதில் முளைத்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூன்றாவது முறை ராஜாவே கேட்டார். “யார் கடித்தது மருமகளே?”

“கெளுத்திதான் மாமா.”

“அப்படியா? கொண்டுபோய்க் குட்டையில் போடுங்கள்!”

சேவகர்கள் அதை வலையில் அள்ளினார்கள். கோடையில் வற்றிக்கொண்டிருந்த சேற்றுக் குட்டைக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதும் அது கத்தவில்லை, திட்டவில்லை. “நீங்கள் பார்த்தீர்களே?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே போயிற்று.

மாதுளையின் கன்னமெல்லாம் செதிலாயிற்று. மூச்சு முட்டியது. சபை கூடியிருந்த நேரம். எல்லார் முன்னாலும் தட்டுத்தடுமாறித் தொட்டியைப் பிடித்தாள். வெடுக்கென்று ஒரே இழுப்பு! உள்ளே விழுந்தாள். உடம்பு மீன், முகம் மட்டும் அவள் முகம்.

மந்திரி வந்து எட்டிப் பார்த்தார். மந்திரியின் மனைவி பார்த்தாள். பூவாயி பார்த்தாள். நன்மாறன் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு அழுதான். மாதுளை முகத்தை மறைக்க இடம் தேடினாள். ஒரு கல் இல்லை, ஒரு பாசி இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்கள்.

செவ்வரியான் பாய்ந்து வந்தான். “போ! இது என் இடம்!”

“எங்கே போவேன்?”

“எனக்கு மட்டும் தெரியுமா? எல்லாரும் எப்போதும் என் கண்ணில் படுகிறார்கள். விடிந்தால் துரத்துகிறேன், பொழுது சாய்ந்தால் துரத்துகிறேன். இந்தத் தொட்டியில் நான் தூங்கியதே இல்லை.”

மாதுளைக்குச் சுருக்கென்றது. கடித்தவன் அவன். கடிக்க வைத்தவள்? அவள் கண்ணாடி ஓரமாக வந்து, அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னாள்:

“கடித்தவன் செவ்வரியான். கல்லையும் பாசியையும் எடுத்து அவனை அப்படி ஆக்கியவள் நான். கண்ணால் பார்த்தும் கெளுத்தி மேல் பழி போட்டவளும் நான்தான்.”

பொலபொலவென்று செதில்கள் உதிர்ந்தன. தொட்டிக்கு வெளியே, தலையோடு கால் நனைந்து தரையில் கிடந்தாள். நன்மாறன் தன் அங்கவஸ்திரத்தைப் போர்த்த வந்தான்.

“அப்புறம் போர்த்துங்கள். குட்டையில் தண்ணீர் இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

தண்ணீர் இல்லை. வெறும் சேறு. பட்டுப்புடவையோடு இறங்கி இரண்டு கையாலும் துழாவினாள். சுரீரென்று கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறியது. வலி உச்சந்தலை வரை போயிற்று. அவள் கையை எடுக்கவில்லை.

“இளவரசி,” என்றது கெளுத்தி, குரலே எழும்பாமல். “நீங்கள் பார்த்தீர்களே?”

“பார்த்தேன். என்னை யாரும் மதிக்கமாட்டார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.”

கெளுத்தி தன் முள்ளை மடக்கிக்கொண்டது. அவள் அதை ஈர முந்தானையில் ஏந்திக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

செவ்வரியானை ஒரு பானையில் தனியாக விட்டுவிட்டு, மாதுளை தொட்டியைத் திருத்தினாள். பழைய அடையாளமே தெரியாதபடி கல்லை அடுக்கினாள், பொந்து வைத்தாள், பாசியை அடர்த்தியாக நட்டாள். மற்ற மீன்கள் ஆளுக்கொரு இடம் பிடித்த பிறகு கடைசியில்தான் செவ்வரியானை விட்டாள். அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எது தன் இடம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு பொந்தில் நுழைந்தான், நிம்மதியாகத் தூங்கிப்போனான். எப்போதாவது ஒரு முறை முறைப்பான், அவ்வளவுதான். வெள்ளிமீனுக்கு வால் வளர்ந்தது.

மந்திரியின் மனைவி அதற்கப்புறம் வரவில்லை. பூவாயிதான் வேலை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். கெளுத்தி கல்லுக்கடியிலேயே கிடந்தது. இரை போடும்போதெல்லாம் மாதுளைக்கு அந்தக் கல்லைப் பார்க்கவே கூசும். வா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அது தானாக வெளியே வந்தது. தண்ணீருக்குள் இருந்த அவள் விரலை மீசையால் தடவியது. விரலில் இருந்த இரையைத் தின்றது. மாதுளைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“எதற்கு அழுகிறீர்கள்? இன்னும் கொஞ்சம் போடுங்கள்” என்றது கெளுத்தி.

அவள் போட்டாள், அது தின்றது. கெளுத்திக்கு வயிறு நிறைந்தது, நம் கதையும் கரை சேர்ந்தது.